ஓட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில்: ஐடா பி. வெல்ஸை வாசித்தல்

ஐடா பி. வெல்ஸ் என்றால் 'கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய கறுப்பினப் பெண் பத்திரிகையாளர்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கறுப்பு இலக்கியம் பற்றி நாம் பேசும்போது மால்கம் எக்ஸ் வருகிறார், சிறுத்தைகள் வருகிறார்கள், கவிதை வருகிறது, ப்ளூஸ் வருகிறது. வெல்ஸ் வந்தால் 'வீராங்கனை' என்ற அடைமொழியோடு வருகிறார். வீராங்கனை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை பாருங்க, மாலை போட்டால் போதும். அமெரிக்காவும் 2020இல் புலிட்சர் சிறப்பு விருது என்ற மாலையை அவருக்குப் போட்டது, அவர் செத்து 89 வருஷம் கழித்து.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வெல்ஸின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு எழுத்தும் அடிப்படையில் ஓட்டைப் பற்றிய எழுத்து. கொலைகளை அவர் தேர்தல் செய்தியாக எழுதினார். ஓட்டுச் சீட்டு பெட்டியில் விழுந்து, ஆளாகி, சட்டமாகி, ஒரு அதிகாரியின் நாற்காலியை ஆட்டும் வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்து போய் எழுதியவர் அவர். அந்த நடை நம்முடைய எழுத்தில் இன்னும் வரவில்லை என்பது என் வாதம். அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

நான் தமிழ் எம்.ஏ. படித்த ஆள். வெல்ஸின் ஆங்கிலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். நூல் தலைப்புகளை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

1. பூட்டிய பட்டறை

வெல்ஸ் 1862இல் மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸில் அடிமையாகப் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் வெல்ஸ் தச்சர். அடிமை முறை ஒழிந்த பிறகும் பழைய எஜமானரின் பட்டறையில்தான் கூலிக்கு வேலை. தேர்தல் வந்தது. டெமாக்ரடிக் கட்சிக்கு ஓட்டுப் போடச் சொன்னார் முதலாளி. அந்தக் காலத்தில் தெற்கில் அது பண்ணை முதலாளிகளின் கட்சி, வெள்ளை ஆதிக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரத் துடித்த கட்சி. ஜேம்ஸ் மறுத்துவிட்டார். ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினால் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. கடைவீதிக்குப் போய்ப் புதுசாக ஒரு செட்டு தச்சுக் கருவிகள் வாங்கினார். வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

'நீதிக்கான அறப்போர்' என்ற தன்வரலாற்றில் வெல்ஸ் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நூல் அவர் இறந்து 39 வருஷம் கழித்து, 1970இல், மகள் ஆல்ஃப்ரெடா டஸ்டர் பதிப்பித்து வெளிவந்தது. அப்பா அரசியல் கூட்டத்துக்குப் போன இரவுகளில் அம்மா தூங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்ததையும், அப்பாவுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் சின்னப்பிள்ளையாகத் தான் செய்தித்தாள் வாசித்துக் காட்டியதையும் இதே பகுதியில் சொல்கிறார். பத்திரிகை, ஓட்டு, இரவு பயம் மூன்றும் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக இருந்திருக்கின்றன. பின்னாளில் அவர் எழுதியதெல்லாம் இந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று நான் வாசிக்கிறேன்.

எங்கள் தெருப் படிப்பு வட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். பசங்க கைதட்டினார்கள். ஒரு ஆயா மட்டும் கேட்டாங்க: "பட்டறையப் பூட்டிட்டான் சரி. அன்னிக்கு ராத்திரி அந்தப் புள்ளைங்க என்னா துன்னுச்சு?" எந்த விமரிசகரும் கேட்காத கேள்வி இது. ஜேம்ஸ் கையில் தொழில் இருந்தது, கருவி வாங்கக் காசு இருந்தது. களத்து மேட்டில் கூலிக்கு நிற்கிறவளுக்குப் பூட்டிய கதவுக்கு எதிரில் வாடகை வீடு கிடையாது. ஓட்டுக்குப் பின்னால் ஒரு சோற்றுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு வெல்ஸுக்குத் தெரியும். ஆனால் அவருடைய நாயகர்கள் பெரும்பாலும் கருவி வாங்க முடிந்தவர்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2. சொந்த ஆளை எழுதுவது

1889இல் மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு வெல்ஸ் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆகிறார். அடுத்த வருஷம் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் புது அரசியல் சட்டம் எழுத மாநாடு கூடியது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த மாநிலம் அது. அவர்களின் ஓட்டைப் பறிக்க வேண்டும், ஆனால் 'கறுப்பர்' என்ற சொல் சட்டத்தில் வரக்கூடாது. நிறத்தை வைத்து ஓட்டை மறுக்கக் கூடாது என்று 1870ஆம் ஆண்டின் 15ஆவது திருத்தம் சொல்லியிருந்தது.

அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஓட்டுக்குத் தலைவரி இரண்டு டாலர். அதற்கு மேல், அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் யாராவது வாசித்துக் காட்டும்போது புரிந்துகொள்ள வேண்டும், அல்லது பொருள் சொல்ல வேண்டும். புரிந்ததா இல்லையா என்று முடிவு செய்கிறவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரன். சாதிப் பேரைச் சொல்லாமலே சாதி செய்கிற சட்டம் எப்படி எழுதுவது என்பதற்குப் பாடநூல் மாதிரி இது. நம்மிடமும் இருந்தது. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன அம்பேத்கர், சொத்தையும் வரியையும் தகுதியாக வைத்தால் தீண்டப்படாதோரில் ஓட்டுப் போட ஆளே மிஞ்ச மாட்டார்கள் என்று வாதாட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் 1920 ஜனவரியில் அவர் 'மூக்நாயக்' தொடங்குகிறார். ஓட்டும் பத்திரிகையும் அங்கேயும் அடுத்தடுத்துத்தான் வருகின்றன.

மிசிசிப்பி மாநாட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பிரதிநிதி ஐசயா மான்ட்கோமரி. மவுண்ட் பாயூ என்ற கறுப்பின ஊரை உருவாக்கியவர், மதிப்புள்ள மனிதர். அவரும் இந்தப் பிரிவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். விட்டுக் கொடுத்தால் சமாதானம் வரும் என்பது அவர் கணக்கு. வெல்ஸின் பத்திரிகை அவரைக் கடுமையாகக் கண்டித்தது. தோற்பது நிச்சயம் என்றாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மான்ட்கோமரி நேரில் வந்து தன் பக்கத்தை விளக்கினார், இருவரும் ஒத்துப்போகவில்லை, பகையும் இல்லை என்று வெல்ஸ் எழுதுகிறார்.

இது ஒரு பெரிய பாடம் தோழர்களே. நம்மாளு ஒருத்தர் சபைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று துரோகி என்கிறோம், இல்லாட்டி 'நம்ம ஆளை நாமே எழுதலாமா' என்று வாயை மூடிக்கொள்கிறோம். அவர் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதியில், எப்படி ஓட்டுப் போட்டார் என்று எழுதுவதில்லை. வெல்ஸ் மான்ட்கோமரியின் குணத்தைப் பற்றிப் பேசவில்லை, அவர் போட்ட ஓட்டைப் பற்றிப் பேசினார். அதனால்தான் அந்த மனிதரால் நேரில் வந்து உட்கார்ந்து பேச முடிந்தது.

3. மூன்று சாக்குகள்

1892 மார்ச் 9. மெம்ஃபிஸில் 'பீப்பிள்ஸ் க்ரோசரி' என்ற கறுப்பினக் கூட்டுறவு மளிகைக் கடையை நடத்திய தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டீவர்ட் மூவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். எதிரில் வெள்ளைக்காரன் கடை இருந்தது, வியாபாரம் போட்டியானது. அதுதான் அவர்கள் செய்த குற்றம். மாஸ் வெல்ஸின் நெருங்கிய நண்பர். அவருடைய குழந்தைக்கு வெல்ஸ் ஞானத்தாய்.

ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று 'ஃப்ரீ ஸ்பீச்' எழுதியது. ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். மிஞ்சியவர்கள் டிராம் வண்டியில் ஏறாமல் நடந்தார்கள். மே மாதம் வெல்ஸ் எழுதிய இன்னொரு தலையங்கம், வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாகச் சொல்லித்தான் கொல்கிறோம் என்ற பேச்சு பொய் என்று போட்டு உடைத்தது. அவர் வெளியூரில் இருந்த நேரம் பார்த்து அச்சகத்தை அழித்தார்கள். அப்புறம் மெம்ஃபிஸில் அவர் வாழவே முடியவில்லை.

அதே வருஷம் வந்த 'தென்னகக் கொடூரங்கள்' என்ற சிறுநூலின் கடைசி அத்தியாயம் தற்காப்பைப் பற்றியது. துப்பாக்கி, பொருளாதாரப் புறக்கணிப்பு, சொந்தப் பத்திரிகை ஆகிய மூன்றும்தான் அங்கே முன்னால் நிற்கின்றன. தெற்கில் ஓட்டு ஏற்கனவே பறிபோய்க்கொண்டிருந்தது. இல்லாத பொருளை அவர் மருந்தாக எழுதவில்லை.

1895இல் வந்த 'செந்நிறப் பதிவேடு' என்ற நூலில்தான் சிந்தனை ஒரு முழு வடிவத்துக்கு வருகிறது. ஃப்ரெடரிக் டக்ளஸின் வாதத்தைத் தொடர்ந்து, கொலைக்குச் சொல்லப்பட்ட சாக்குகளை அவர் கால வரிசையில் அடுக்குகிறார். விடுதலையான புதிதில் சொன்ன சாக்கு: கறுப்பர்கள் கலகம் செய்யப் போகிறார்கள். ஒரு கலகமும் நடக்கவில்லை. ஓட்டுரிமை வந்தபின் சொன்ன சாக்கு: கறுப்பர் ஆட்சி வந்துவிடும். அதைச் சொல்லி ஓட்டுப் போட வந்தவர்களைக் கொன்றார்கள். ஓட்டைப் பறித்து முடித்தபின் அந்தச் சாக்கும் செல்லாமல் போனது. அப்போதுதான் மூன்றாவது சாக்கு பிறக்கிறது: எங்கள் பெண்களைக் காப்பாற்றுகிறோம்.

இந்த அடுக்கை நிதானமாகப் பாருங்கள். 'பெண் மானம்' என்ற பேச்சு பிறக்கிற இடத்தையும் தேதியையும் அவர் காட்டிவிடுகிறார். ஓட்டைத் திருடியதன் வேலை முடிந்த இடத்தில், திருட்டை மறைக்கிற துணியாக அது பிறக்கிறது. நம் ஊரில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததற்குச் சேரி எரிந்தது என்று செய்தி வரும்போது, அதற்கு முந்தின உள்ளாட்சித் தேர்தலில் அங்கே என்ன நடந்தது என்று யாராவது தேடுகிறோமா?

இன்னொன்று அவருடைய முறை. கணக்கு முழுவதையும் அவர் எடுத்தது 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளை நாளிதழிலிருந்து. 1892இல் மட்டும் 241 பேர், அதில் 160 பேர் கறுப்பர் என்று அந்தப் பத்திரிகை அச்சிட்ட எண்ணையே எடுத்துப் போடுகிறார். பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று அவர்கள் எண்ணை வைத்தே காட்டுகிறார். எதிரியின் பேரேட்டை எடுத்து எதிரிக்கு எதிராக வாசிப்பது இது. சாட்சியத்தை நம்பாத உலகத்துக்கு அவர் வைத்த பொறி.

அதற்காக அவர் சாட்சியத்தைக் கைவிட்டவரும் இல்லை. 1919இல் ஆர்கன்சா மாநிலம் எலைனில் பருத்தி விலை கேட்டுச் சங்கம் வைத்த கறுப்பின வாரக் குடியானவர்களைக் கொன்று குவித்துவிட்டு, உயிரோடு இருந்தவர்களில் 12 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். கைதிகளின் சொந்தக்காரப் பெண் மாதிரிச் சிறைக்குள் போய் அவர்கள் வாயால் கேட்டு எழுதி 1920இல் நூலாக்கினார். பேரேடும் வாய்மொழியும் ஒரே கையில் இருந்தன. நம்முடைய இதழ்கள் வாய்மொழியில் வலுவானவை. பேரேட்டை நாம் அரசாங்கத்திடமே விட்டுவிட்டோம்.

இங்கே ஒரு தகவல். 1893இல் வெல்ஸை இங்கிலாந்துக்கு அழைத்தவர்களில் ஒருவர் கேத்தரின் இம்பி. அவர் 1888 முதல் நடத்திய இதழின் பெயரே 'ஆன்ட்டி காஸ்ட்', அதாவது சாதி எதிர்ப்பு. நிறவெறியை அவர்கள் சாதி என்ற சொல்லால் சுட்டிக்கொண்டிருந்த அதே 1893இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்குகிறார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கரையிலும் ஒரே வேலை ஒரே நேரத்தில் நடந்தது. சீனிவாசனும் பிற்பாடு அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து பிரதிநிதித்துவம் பேசியவர்தான்.

4. கெய்ரோ ஊரின் ஷெரீஃப்

வெல்ஸ் எழுதியதில் நாம் உடனே தமிழில் கொண்டுவர வேண்டியது 1910இல் 'ஒரிஜினல் ரைட்ஸ் மேகசின்' என்ற இதழில் வந்த ஒரு கட்டுரை. தலைப்பைத் தமிழாக்கினால் 'ஓட்டுரிமை கும்பல் கொலைகளை எப்படி நிறுத்துகிறது' என்று வரும். ஓட்டுக்கு மரியாதை இல்லாத இடத்தில் உயிருக்கும் மரியாதை இருக்காது என்பது அதன் மையம். இது வரைக்கும் மேடைப் பேச்சுதான். அதற்கு அவர் கொடுக்கிற நிரூபணம்தான் முக்கியம்.

அவர் அப்போது இருந்தது வடக்கே இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவில். அங்கே கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட முடிந்தது. அந்த ஓட்டில் எட்வர்ட் கிரீன் என்ற கறுப்பினத்தவர் மாநிலச் சட்டசபைக்குப் போனார். அவருடைய முயற்சியில் 1905இல் ஒரு சட்டம் வந்தது. ஷெரீஃப் என்பவர் அங்கே ஒரு மாவட்டத்தின் காவல் தலைவர். அவர் பொறுப்பில் இருக்கும் கைதியைக் கும்பல் இழுத்துப் போய்க் கொன்றுவிட்டால் அவருடைய பதவி அப்போதே காலி. திரும்ப வேண்டுமானால் ஆளுநர் முன்னால் போய், காப்பாற்ற என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

1909 நவம்பரில் அதே மாநிலத்துக் கெய்ரோ என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றது. ஷெரீஃப் ஃப்ராங்க் டேவிஸ் பதவி இழந்தார். திரும்பக் கேட்டு மனுப் போட்டார். வெல்ஸ் கெய்ரோவுக்குப் போனபோது என்ன பார்த்தார் தெரியுமா? உள்ளூர்க் கறுப்பின மக்களில் பலர் ஷெரீஃப் பக்கம். ஆளுநருக்கு அவருக்கு ஆதரவாகக் கடிதமே போயிருந்தது. ஏனென்றால் அவர் கறுப்பின ஆட்கள் சிலரைத் துணைக் காவலராக வேலைக்கு வைத்திருந்தார். நல்லவரு, நம்ம பசங்களுக்கு வேலை குடுத்தவரு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நமக்குத் தெரிந்த ஊர்தானே இது. 'அந்த எஸ்.ஐ. நல்ல மனுசன்பா, அவரு மேல கேஸ் போட்டா நாளைக்கு நம்மளுக்கு யாரு இருக்கா' என்று நம் தெருக்களில் சொல்வதில்லையா? வெல்ஸ் அந்த மக்களைத் திட்டவில்லை. கூட்டம் போட்டார். நடந்ததை ஆள் ஆளாக விசாரித்தார். இவர் திரும்ப வந்து உட்கார்ந்தால் இன்னொரு கொலைக்கு நாமே அனுமதி கொடுத்ததாக ஆகும் என்று பேசினார். தீர்மானம் நிறைவேற்றிக் கையெழுத்து வாங்கினார். பிறகு தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் ஆளுநர் டெனீன் முன் நின்றார். ஷெரீஃப் பக்கம் வக்கீலும் ஊர்ப் பெரிய மனிதர்களும். இந்தப் பக்கம் வெல்ஸும் அவருக்குத் துணை வந்த ஒரு கறுப்பின வக்கீலும். ஆளுநர் ஷெரீஃபின் மனுவைத் தள்ளுபடி செய்தார். டேவிஸ் வீட்டுக்குப் போனார்.

ஓட்டு, உறுப்பினர், சட்டம், விசாரணை, காலியான நாற்காலி. இந்த ஐந்து கண்ணியையும் ஒன்று விடாமல் கோத்து எழுதியதுதான் 1910 கட்டுரையின் சாதனை. ஜனநாயகம் என்ற பெரிய சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைகிற கட்டுரைகள் நூறு படித்திருக்கிறேன். ஒரு ஷெரீஃபின் சம்பளம் நின்றுபோனதை வைத்து ஜனநாயகத்தை விளக்கிய கட்டுரை இது ஒன்றுதான் நான் படித்தது.

5. பின்வரிசை

1913 ஜனவரியில் சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்காக 'ஆல்ஃபா ஓட்டுரிமைச் சங்கம்' தொடங்கினார். மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண் ஓட்டுரிமைப் பேரணி. தெற்கத்தி வெள்ளைப் பெண்கள் மனம் கோணக்கூடாது, கறுப்பினப் பெண்கள் தனியாகப் பின்னால் வாருங்கள் என்றார்கள். பெண் விடுதலைப் பேரணிக்குள்ளேயே சேரி. வெல்ஸ் கூட்டத்தில் போய் நின்றுகொண்டார். இல்லினாய்ப் பெண்களின் வரிசை வந்ததும் இரண்டு வெள்ளைத் தோழிகளுக்கு நடுவில் புகுந்து நடந்தார்.

இந்தக் காட்சி எல்லாருக்கும் பிடிக்கும், படம் வரைந்து மாட்டுவார்கள். அதற்குப் பிறகு நடந்த வேலை எனக்கு முக்கியம். அந்த வருஷம் ஜூனில் இல்லினாயில் பெண்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நகராட்சித் தேர்தலிலும் ஓட்டு வந்தது. சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேர் பதிந்தார்கள். போய்ப் பிள்ளையைப் பாரு என்று நம்மின ஆண்களே கேலி பேசினார்கள், வெல்ஸ் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1915இல் ஆஸ்கர் டி ப்ரீஸ்ட் சிகாகோவின் முதல் கறுப்பின மாநகர உறுப்பினரானார். 1928இல் அவரே நாடாளுமன்றத்துக்கும் போனார். வீட்டு வாசற்படியில் நின்று பேர் எழுதிய பெண்களின் கால்வலி அதில் இருக்கிறது.

6. என் சண்டை

இனி என் சண்டை. 1910 கட்டுரையின் தலைப்பு 'நிறுத்துகிறது' என்று அடித்துச் சொல்கிறது. ஏழே வருஷம் கழித்து, 1917 ஜூலை 2 அன்று, அதே இல்லினாய் மாநிலத்தில், கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில், வெள்ளைக் கும்பல் தெருத்தெருவாக வீடுகளை எரித்து மக்களைக் கொன்றது. அரசாங்கக் கணக்கில் கறுப்பர் 39, வெள்ளையர் 9. உண்மையில் இறந்த கறுப்பர்கள் இதைவிட மிக அதிகம் என்று அன்றே சொன்னார்கள். காவல்துறையும் படையும் வேடிக்கை பார்த்தன, சில இடங்களில் கூடவே சேர்ந்தன.

இன்னும் கொடுமை, இந்த வன்மத்துக்கு ஒரு வேர் ஓட்டிலேயே இருந்தது. வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களை, 1916 தேர்தலில் கள்ள ஓட்டுப் போட ரிபப்ளிகன் கட்சி இறக்கிய ஆட்கள் என்று டெமாக்ரடிக் கட்சி பிரசாரம் செய்திருந்தது. கூலிப் போட்டியும் தேர்தல் பொய்யும் சேர்ந்துதான் தீ பிடித்தது. ஓட்டு இங்கே கொலையை நிறுத்தவில்லை, ஒருவகையில் அழைத்து வந்தது. ஷெரீஃபை நீக்குகிற 1905 சட்டமோ கைதியைப் பற்றியது. குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பற்றியது இல்லை.

வெல்ஸ் இதைப் பார்க்காதவர் இல்லை. சில நாட்களுக்குள்ளேயே அங்கே போய் இறங்கினார். எரிந்த வீட்டுக்குத் துணிமணி எடுக்க வந்த பெண்களோடு நடந்து போய் அவர்கள் சொன்னதை எழுதி அதே வருஷம் சிறுநூலாக வெளியிட்டார். அது அபாரமான பதிவு. ஆனால் தன் 1910 வாதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கண்ணி அறுந்தது என்று அவர் நின்று விசாரிக்கவில்லை. தன்வரலாற்றிலும் கெய்ரோ ஒரு வெற்றிக் கதை, கிழக்கு செயின்ட் லூயிஸ் ஒரு துயரக் கதை. இரண்டும் தனித்தனி அத்தியாயத்தில் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய வேலையை நமக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேர்த்துப் படித்தால் என்ன தெரிகிறது? எங்கள் தெரு ஆயா கேட்ட கேள்விதான் திரும்ப வருகிறது. கெய்ரோவில் ஒரு அதிகாரியின் பிழைப்பு கறுப்பின ஓட்டோடு கட்டப்பட்டிருந்தது. கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பினத் தொழிலாளியின் பிழைப்பு ஆலை முதலாளியோடும் வெள்ளைத் தொழிலாளியின் பகையோடும் கட்டப்பட்டிருந்தது. ஓட்டு நாற்காலியைத் தொட்டது, கூலியைத் தொடவில்லை. ஜேம்ஸ் வெல்ஸ் புதுக் கருவி வாங்கியது போல இவர்களால் வாங்க முடியாது.

1930இல் தன் 67ஆவது வயதில் அவரே மாநில மேலவைக்குச் சுயேச்சையாக நின்றார். கட்சி இயந்திரத்துக்கு முன்னால் தோற்றார். ஐம்பது வருஷம் பிறருக்கு ஓட்டுக் கேட்டவருக்கு அந்த ஓட்டு வரவில்லை. மறுவருஷம் மார்ச்சில் இறந்தார். தன்வரலாறு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோய்க் கிடக்கிறது.

அவர் கேட்டதெல்லாம் மெதுவாக வந்தது, வந்ததும் நிலைக்கவில்லை. 1965இல் ஓட்டுரிமைச் சட்டம். 2013இல் ஷெல்பி கவுன்டி வழக்கில் அதன் முக்கியமான பல்லை உச்ச நீதிமன்றமே பிடுங்கியது. ஓட்டைப் பறித்த வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு செயலிழந்தது. கும்பல் கொலையை ஒன்றிய அரசுக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது.

7. நமக்கு

நமக்கும் ஒரு 1905 சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. 2015 திருத்தம் அந்தக் கடமைகளைப் பட்டியலே போட்டது, புகாரை எழுதுவது, வாசித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது என்று. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே முதலில் நாற்காலி போனது, பிறகு ஷெரீஃப் வந்து தன்னை நிரூபித்தார். இங்கே 'வேண்டுமென்றே' என்று நாம் நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் நிர்வாக விசாரணை நடந்து அது பரிந்துரைக்க வேண்டும். நாற்காலி அதுவரை அசையாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து நாம் ஒரு சிறுநூல் எழுதியிருக்க வேண்டும்.

மேலவளவை எடுங்கள். 1996இல் தனித்தொகுதி ஊராட்சியாக அறிவித்தார்கள். முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை, அதில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை. இதைப் பற்றி நம்மிடம் பாட்டு இருக்கிறது, கவிதை இருக்கிறது, அஞ்சலி இருக்கிறது. அவை வேண்டும். ஆனால் மிரட்டல் இருப்பது ஊருக்கே தெரிந்திருந்த அந்த மாதங்களில், பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், அதில் எந்த நாற்காலி ஆடியது என்பதை வெல்ஸ் எழுதியிருப்பார். கொன்றவனின் சாதியை நாம் எழுதிவிடுகிறோம். கொல்லவிட்டவனின் பதவிப் பெயரை எழுதுவதில்லை.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வட்டாரத்தில் வன்கொடுமை நடந்த ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின உள்ளாட்சித் தேர்தலில் அங்கே யார் நின்றார்கள், யாரை நிற்கவிடவில்லை, எத்தனை ஓட்டு விழுந்தது என்று எடுங்கள். கொடுமைக்கு முன் கொடுத்த மனுக்களின் தேதியை எடுங்கள். அந்த மனுக்களை வாங்கிய அதிகாரி இன்று எந்தப் பதவியில் இருக்கிறார் என்று பாருங்கள். தனித்தொகுதியில் ஜெயித்த நம்முடைய உறுப்பினர் சபையில் எழுந்து அதைப் பற்றிக் கேட்டாரா என்று பாருங்கள். கூடவே, ஓட்டுப் போட்ட மறுநாள் யாருக்குக் கூலி வேலை நின்றுபோனது என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை வெல்ஸ் முழுசாகக் கேட்கவில்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். எழுதி அனுப்புங்கள்.